ஜீப் ட்ரான்ஸ்பர் கேஸ் ஆயில் ஒழுக்கு: சீல் மாத்தியும் நிக்கல்ல

கீரிப்பாறை ஜீப்:

வண்டி மஹிந்திரா எம்எம்540, டீசல், 4 கியர். ஹேண்ட் பிரேக் டிரம் ட்ரான்ஸ்பர் கேஸோட (கியர் பாக்ஸுக்குப் பின்னால ஒட்டி, முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) பின்பக்கத்துலயே இருக்கிற பழைய அமைப்பு. கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்து ஷீட்டும் ஒட்டுப்பாலும் இறக்குற ஓட்டம். தெனமும் ரெண்டு தடவை ஓடை கடக்கணும், ஏத்தம் பாதியும் லோ ரேஞ்சுலதான் (மெதுவா, கூடுதல் இழுவையோட போற நிலை).

பின் ஆயில் சீலை ரெண்டு மாசத்துக்கு முன்ன பட்டறையில குடுத்து மாத்தியாச்சு. மூணு வாரம் காய்ஞ்சு கிடந்தது, அப்புறம் அதே ஒழுக்கு. ராத்திரி நிறுத்தினா காலையில தரையில உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். ஓடி வந்து நின்னா டிரம் விளிம்பு முழுக்க நனைஞ்சிருக்கு, சரிவுல ஹேண்ட் பிரேக் பிடிக்கவே இல்ல. லீவர்கள் வர்ற முன்பக்கமும் ஈரமா இருக்கு. திரும்பவும் சீல் மாத்தணுமா, இல்ல பெட்டியையே இறக்கணுமா? 140 கிரேடு தடிச்ச கியர் ஆயில் ஊத்தினா நின்னுரும்னு ஒருத்தர் சொல்றார். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்ன முடிச்சாகணும்.

குலசேகரம் 4 வீல்:

மூணு வாரத்துல ஒரு சீல் போகுதுன்னா குற்றம் சீல் மேல இல்ல. அதைக் கெடுக்கிற ஏதோ ஒண்ணு பக்கத்துலயே இருக்கு. அடைஞ்ச ப்ரீதர் (பெட்டி மேல காத்து போய்வர்ற துளை), ஆடுற பேரிங், பள்ளம் விழுந்த யோக் (ப்ரொப்பல்லர் ஷாஃப்டை மாட்டுற கவை), அளவுக்கு மேல நிக்கிற எண்ணெய், இந்த நாலுல ஒண்ணு. எதுன்னு தெரியாம அடுத்த சீலை வாங்காதீங்க.

முதல்ல பெட்டியை டீசலும் பிரஷும் போட்டு நல்லா கழுவுங்க. காய்ஞ்ச பிறகு முகத்துக்குப் போடுற பவுடரை மேல தூவிட்டு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. காத்து எண்ணெயைப் பின்னால தள்ளிட்டே போகும். அதனால பின்னாடி நனைஞ்ச இடமெல்லாம் ஒழுகுற இடம்னு நினைக்கக் கூடாது. ஈரத்துல எது ரொம்ப மேலயும் ரொம்ப முன்னாலயும் இருக்கோ, அதுதான் ஊத்து. எண்ணெய் கறுப்பா, தண்ணியா இருந்தா இன்ஜின் பின் சீல்ல இருந்து வருது. தேன் நிறத்துல, கந்தக வாடையோட பிசுபிசுன்னு இருந்தா கியர் ஆயில்.

எப்போ ஒழுகுதுங்கிறதும் ஒரு துப்பு. ஓடும்போது மட்டும் நனைஞ்சா சுத்துற சீல். நிக்கும்போதும் சொட்டினா எண்ணெய் மட்டத்துக்குக் கீழ இருக்கிற ஏதோ ஒண்ணு: அடித்தட்டு பேக்கிங், ட்ரெய்ன் ப்ளக், இல்ல நடு ஷாஃப்டோட பின்முனை. உங்களுக்கு ரெண்டும் இருக்கு, அப்படின்னா ஒரே இடம்னு நம்பி வேலை தொடங்க வேண்டாம்.

அடுத்து சமதரையில நிறுத்தி, பெட்டி ஆறின பிறகு ட்ரான்ஸ்பர் கேஸ் லெவல் ப்ளக்கைத் திறங்க. எண்ணெய் ஓட்டையோட கீழ் விளிம்பைத் தொட்டு நிக்கணும். தானா கொட்டிச்சுன்னா கீழ பாத்திரம் வெச்சுப் பிடிச்சு அளந்து எழுதுங்க. உடனே கியர் பாக்ஸ் ப்ளக்கையும் திறந்து விரலை விட்டுப் பாருங்க. ரெண்டையும் சொன்னாத்தான் மேல பேச முடியும்.

140 விஷயம்: வேண்டவே வேண்டாம். தடிச்ச எண்ணெய் ஒழுக்கைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். மாறாமலை மாதிரி மேட்டுல காலைக் குளிர்ல கியர் விழாது, பேரிங்குக்குச் சிதறிப் போய்ச் சேர வேண்டிய எண்ணெயும் சரியா சேராது. ஈபி 90 கிரேடு, ஜிஎல்-4 தரம் உள்ள கியர் ஆயில் போதும். கியர் பாக்ஸ் உள்ள பித்தளை சிங்க்ரோ வளையம் (கியர் உரசாம விழ வைக்கிறது) இருக்கு. ஜிஎல்-5ல இருக்கிற கந்தகச் சேர்மானம் சிலதுக்குப் பித்தளை ஆகாது. இந்த வண்டியில ரெண்டு பெட்டி எண்ணெயும் ஒண்ணோட ஒண்ணு கலக்க வாய்ப்பு உண்டு, அதனால ரெண்டுலயும் ஒரே எண்ணெய்தான் ஊத்தணும்.

கீரிப்பாறை ஜீப்:

பார்த்தாச்சு அண்ணே. லெவல் ப்ளக் திறந்ததும் கொட்டிச்சு, பிடிச்சு அளந்தா அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல. கியர் பாக்ஸ்ல விரல் முழுசா விட்டும் எண்ணெய் தட்டல்ல. ப்ரீதர் மூடி செம்மண்ணு இறுகி கல்லு மாதிரி இருக்கு. பவுடர் போட்டுப் பார்த்ததுல பின் சீல், லீவர் தண்டு ரெண்டும் வர்ற முன் கேப், அடித்தட்டு வலது மூலை, இந்த மூணு இடமும் நனைஞ்சிருக்கு. பின் யோக்கைக் கையால மேல கீழ ஆட்டினா லேசா ஒரு தட்டல் கேக்குது.

குலசேகரம் 4 வீல்:

சங்கதி இப்போ தெளிவாச்சு. கியர் பாக்ஸ் எண்ணெய் ட்ரான்ஸ்பர் கேஸுக்குள்ள இறங்குது. இந்த அமைப்புல கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்டோட பின்முனை நேரா ட்ரான்ஸ்பர் கேஸுக்குள்ள நீட்டி நிக்கும், அதுலதான் ட்ரான்ஸ்பர் கேஸோட முதல் கியர். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல இருக்கிறது ஒரு பால் பேரிங் மட்டும். தேயத் தேய அது வழியா எண்ணெய் ஊறும். நீங்க ஏத்தம் ஏறும்போது எண்ணெய் பின்னால சாயுது, பல்லு சுத்துற வேகம் வேற தள்ளிவிடுது. அந்தப் பக்கம் போனது திரும்பி வர்றது கிடையாது.

இது ரெண்டு பக்கமும் கேடு. ட்ரான்ஸ்பர் கேஸ்ல மட்டம் ஏறி சீல்களோட உதடு எண்ணெயில முங்கிக் கிடக்கும். ஓடிச் சூடாகும்போது உள்ள காத்து விரியும், ப்ரீதர் அடைஞ்சதால போக வழியில்லாம இருக்கிற சீல் வழியா எண்ணெயைத் தள்ளிட்டு வெளிய வரும். உங்க புது சீல் மூணு வாரம் தாங்கினதே பெரிசு. ஆனா அதைவிட பயப்பட வேண்டியது கியர் பாக்ஸ். ஒழுகுற பெட்டி நிறைஞ்சிருக்கு, ஒழுகாத பெட்டி காய்ஞ்சிருக்கு. கீழ சொட்டுறதைப் பார்த்து ட்ரான்ஸ்பர் கேஸுக்கே மறுபடி மறுபடி ஊத்திட்டிருந்தா ஒரு நாள் ஏத்தத்துல கியர் பாக்ஸ் பேரிங் பிடிச்சுரும். இன்னைக்கே கியர் பாக்ஸை மட்டத்துக்கு நிரப்பிட்டுத்தான் வண்டியை அசைக்கணும்.

நிரந்தரத் தீர்வுக்கு ட்ரான்ஸ்பர் கேஸை கியர் பாக்ஸ்ல இருந்து பிரிக்கணும். நடுவுல இருக்கிற பேரிங்குக்குப் பதிலா அதே அளவுல ஒரு பக்கம் மட்டும் ரப்பர் சீல் உள்ள பேரிங் போடுங்க, சீல் ட்ரான்ஸ்பர் கேஸ் பக்கம் பார்க்கணும். கியர் பாக்ஸ் பக்கம் திறந்திருந்தாத்தான் பேரிங்குக்கு எண்ணெய் போகும். நம்பர் பழைய பேரிங் வளையத்துல வெட்டியிருக்கும், அதைக் கடையில காட்டி சீல் உள்ளதைக் கேளுங்க. ரெண்டு பக்கமும் சீல் உள்ளதுதான் கிடைச்சதுன்னா ஒரு பக்க சீலை மெல்லிய உளியால நெம்பி எடுத்து, உள்ள இருக்கிற கிரீஸை டீசல்ல கழுவிட்டுப் போடலாம்.

பிரிக்கும்போது ஒரு கவனம். ட்ரான்ஸ்பர் கேஸ் பின் மூடியைக் கழட்டி, மெயின் ஷாஃப்ட் நட்டையும் கியரையும் எடுத்துட்டு பெட்டியைப் பின்னால இழுக்கிறப்போ மெயின் ஷாஃப்டும் கூடவே வரப் பார்க்கும். வந்தா சிங்க்ரோ கலைஞ்சு உள்ள உருளைகள் கொட்டிரும், அப்புறம் கியர் பாக்ஸையும் இறக்க வேண்டியதுதான். கியர் பாக்ஸ் மேல் மூடியைத் திறந்து மெயின் ஷாஃப்டைச் சுத்தி ஒரு கட்டுக்கம்பி போட்டு முறுக்கி, முன்பக்க போல்ட்டோட சேர்த்துக் கட்டிட்டு இழுங்க. பெட்டி நல்ல பாரம், ட்ராலி ஜாக்கோ கயிறோ இல்லாம ஒருத்தரா இறக்கப் பார்க்காதீங்க.

வடசேரி கடைசல்:

மேல சொன்னதோட ஒத்துப்போறேன். பின் சீல், யோக் பத்தி நான் சொல்றேன், அங்கதான் நிறைய பேர் காசை விடுறாங்க.

கையால ஆட்டினா தட்டல் கேக்குதுன்னா, சீலுக்கு முன்ன பேரிங்கைப் பார்க்கணும். பின் அவுட்புட் ஷாஃப்ட் நிக்கிறது டேப்பர் ரோலர் பேரிங்ல. இடைவெளியை சரி பண்றது பின் கேப்புக்கு அடியில இருக்கிற ஷிம்ங்கிற மெல்லிய தகடு. முன்னும் பின்னும் ஆட்டம் 4 முதல் 8 தௌ (ஒரு தௌ இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள்ள நிக்கணும். டயல் கேஜ் காந்தத்தைப் பெட்டியில ஒட்டி, முள்ளை யோக் முகத்துல வெச்சு இழுத்துத் தள்ளிப் பாருங்க. ஆட்டம் கூடுதல்னா ஷிம் எடுக்கணும், இறுக்கம்னா சேர்க்கணும். ரோலர்ல கறுப்புப் புள்ளியோ நீலம் பாஞ்ச நிறமோ இருந்தா ஷிம்மால பிரயோஜனம் இல்ல, பேரிங் மாத்துங்க. ஷாஃப்ட் வட்டமடிச்சு ஆடினா எந்த சீல் உதடும் கூடவே ஓடிப் பிடிக்காது.

இனி யோக். சீல் உதடு உரசுற இடத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் தட்டி நின்னா பள்ளம். மூணு வழி இருக்கு. புது யோக் கிடைச்சா அதுதான் உத்தமம். கிடைக்கலன்னா கால் மில்லிமீட்டர் தடிமன்ல எவர்சில்வர் குழல் மாதிரி ரிப்பேர் ஸ்லீவ் வரும், அதே சீல் அளவே போதும். அதுவும் இல்லன்னா புது சீலை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்ன பின்ன உக்கார வெச்சு உதடு புது இடத்துல ஓடுற மாதிரி செய்யலாம், இது கேப்ல இடம் இருந்தா மட்டும்.

கடைசல்ல குடுத்து எமரி போட்டு மெருகேத்தச் சொல்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எமரியைப் பக்கவாட்டுல நகர்த்தி நகர்த்தித் தேய்ச்சா கண்ணுக்குத் தெரியாத திருகு கோடு விழும். அது திருகாணி மாதிரி எண்ணெயை வெளிய ஏத்தும், புது சீல் போட்டாலும் ஒழுகும். எமரியை நகர்த்தாம ஒரே இடத்துல பிடிச்சு முடிக்கணும். வெல்டிங் வெச்சு பள்ளத்தை நிரப்பறதும் வேண்டாம், சூட்டுல யோக் கோணிரும்.

கழட்டுறதுக்கு முன்ன: உங்க ஹேண்ட் பிரேக்கே அந்த டிரம்தான். பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழட்டினதும் கியர்ல போட்டிருந்தாலும் பின் சக்கரத்தைப் பிடிக்க ஒண்ணும் இல்ல. நாலு சக்கரத்துக்கும் முன்ன பின்ன கட்டை வெச்சுட்டு அடியில போங்க. இன்னொண்ணு, இந்த மாதிரி ஹேண்ட் பிரேக் ஷாஃப்டைத்தான் பிடிக்கும், சக்கரத்தை இல்ல. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி ஏத்தினா டிஃபரன்ஷியல் வழியா வண்டி உருளும், பிரேக் போட்டிருந்தாலும்.

ஷாஃப்டுக்கும் யோக்குக்கும் உளியால நேர்கோட்டுல அடையாளம் போட்டுக்கிட்டு கழட்டுங்க, மாத்திப் போட்டா அதிரும். ஜாயின்ட் கப்பைச் சுத்தி இன்சுலேஷன் டேப் ஒட்டிருங்க, ஊசி உருளை விழாது. ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர் எடுத்து புல்லர் போட்டு யோக்கை இழுங்க. சுத்தியலால பின்னாடி இருந்து தட்டினா பேரிங் முகத்துல குழி விழும்.

பழைய சீல் முகத்துல மூணு எண் அச்சடிச்சிருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். அதைப் பார்த்து வாங்குங்க. ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்கணும், ரெண்டு உதடு உள்ள சீல்னா தூசி உதடு வெளிய. உதட்டுல கிரீஸ் தடவாம போட்டா முதல் நூறு சுத்துலயே எரிஞ்சுரும். வெளி விளிம்புல மெல்லிசா பேஸ்ட் தடவி, சீல் விட்டத்துக்குப் பொருந்துற பைப் துண்டு வெச்சு நேரா இறக்குங்க. மூலைக்கு மூலை சுத்தியலால தட்டினா சாஞ்சு உக்காரும்.

சீல் நல்லா இருந்தும் டிரம் நனையுற இன்னொரு வழி உண்டு, யோக்கோட ஸ்ப்லைன், அதாவது ஷாஃப்டோட கோத்து நிக்கிற உள்பல்லு. எண்ணெய் ஸ்ப்லைன் பல்லு வழியா ஊறி நட்டு பக்கம் வந்து டிரம்முக்குள்ள சிதறும். யோக் ஏத்தும்போது ஸ்ப்லைன் வெளிமுனையிலயும் வாஷருக்கு அடியிலயும் ஆர்டிவி (சிலிக்கான்) பேஸ்ட் தடவிட்டா தீர்ந்துச்சு.

எண்ணெய் குடிச்ச லைனிங்கை பெட்ரோல்ல கழுவி எரிச்சு காய வெக்கிறது பழக்கம். பார்க்க காய்ஞ்ச மாதிரி இருக்கும், டிரம் சூடானதும் உள்ள இருந்து எண்ணெய் கசியும். சரிவுல லோடோட நிறுத்துற வண்டிக்கு அதை நம்பக் கூடாது. லைனிங் புதுசா ரிவெட் அடிச்சுப் போடுங்க.

பேச்சிப்பாறை மலையோரம்:

முன் கேப், அடித்தட்டு பத்தி மட்டும்.

முன் கேப்ல ஒழுகுறது பெரும்பாலும் லீவர் தண்டு ரெண்டும் வெளிய வர்ற குட்டி சீல்கள். செம்மண் சேறு தண்டுல காயுது, கியர் போடும்போது சீலுக்குள்ள போய் அரக்குது. தண்டுல துரு குழி இருந்தா புது சீலும் ஒரு மாசம் தாங்காது. 400, அப்புறம் 600 எமரி எண்ணெய் தொட்டுத் தேய்ச்சு, சீல் ஏத்தும்போது தண்டு முனையில டேப் சுத்திக்கிடுங்க, வெட்டுப் படாது. கேப்பைக் கழட்ட வேண்டி வந்தா துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு செய்ங்க. தண்டைப் பிடிச்சு நிறுத்துற ஸ்பிரிங்கும் குண்டும் தெறிச்சு ஓடும். ரெண்டு தண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன லாக் துண்டு இருக்கும், அது விழுந்து காணாமப் போயிட்டுன்னா டூ வீல்ல இருக்கும்போதே லோ ரேஞ்சு விழும்.

அடித்தட்டு மூலை ஒழுக்குக்குக் காரணம் முன்ன யாரோ போல்ட்டை முறுக்கி முறுக்கி இறுக்கினது. தகரம் ஓட்டையைச் சுத்தி மேல பொங்கி நிக்கும், நடுவுல இடைவெளி விழும். தட்டைக் கமுத்தி தட்டையான இரும்பு மேல வெச்சு ஒவ்வொரு ஓட்டையையும் சுத்தியலால சமமாக்குங்க. பேக்கிங் பேப்பரை முகத்து மேல விரிச்சு உருண்டைத் தலைச் சுத்தியலால விளிம்புல லேசா தட்டினாலே அளவா வெட்டி வரும். பேஸ்ட் ரெண்டு பக்கமும் நகத்தால தேய்ச்ச அளவு மெல்லிசா போதும். புழு மாதிரி பிதுக்கி வெச்சா பாதி உள்ள விழுந்து எண்ணெயோட சுத்தும். பூசுறதுக்கு முன்ன முகத்தைத் தின்னர்ல துடைங்க, எண்ணெய்ப் படலம் மேல எந்த பேஸ்டும் ஒட்டாது. ஈரக்காத்து ஆர்டிவி பேஸ்டுக்கு நல்லதுதான், ஒரு ராத்திரி விட்டுட்டு எண்ணெய் ஊத்துங்க.

போல்ட் ஓட்டைகள்ல சிலது உள்ளுக்குள்ள திறந்திருக்கும். கம்பி விட்டுப் பாருங்க, எண்ணெய் தட்டினா அந்த மரையில சீலன்ட் போடணும். இல்லன்னா பேக்கிங் புதுசா இருந்தும் போல்ட் தலை வழியா சொட்டும்.

நடு ஷாஃப்டோட பின்முனையையும் ஒரு தடவை துடைச்சுப் பாருங்க, லாக் பிளேட் வெச்சு ஒரு போல்ட்ல நிக்கிற இடம். அங்க கசிஞ்சா ஓ-ரிங் அல்லது சீலன்ட். ஷாஃப்டை முழுசா உருவினா உள்ள ஊசி உருளையும் பக்க வாஷரும் கலையும், அதனால அதே விட்டத்துல, கியர் அகலத்துக்கு வெட்டின ஒரு கம்பியைப் பின்னாடியே தள்ளிட்டு உருவுங்க.

கீரிப்பாறை ஜீப்:

கொள்ளாம், இவ்வளவு விவரம் கிடைக்கும்னு நினைக்கல்ல. பெட்டியை இறக்கவே முடிவு செஞ்சாச்சு. ரெண்டு சந்தேகம். ப்ரீதரைச் சுத்தம் பண்ணினாலும் ஓடையில மறுபடி அடையுமே, அதுக்கு என்ன வழி? எண்ணெய் எவ்வளவு வாங்கணும்? இறக்குறதுக்காக இன்னைக்கு வடிச்சப்போ முதல்ல ஒரு கரண்டி தண்ணி மாதிரி வந்துட்டு அப்புறம்தான் எண்ணெய் வந்தது.

பேச்சிப்பாறை மலையோரம்:

அந்தத் தண்ணி ஓடைத் தண்ணிதான். ஏத்தம் ஏறி சூடான பெட்டி குளிர்ந்த ஓடையில இறங்கினதும் உள்ள காத்து சுருங்கும். சுருங்கும்போது எங்க இடுக்கு இருக்கோ அங்க இருந்து இழுக்கும். ப்ரீதர் அடைஞ்சிருந்தா சீல் உதடு வழியா தண்ணியும் மண்ணும் உள்ள போகும். ராத்திரி நின்னா தண்ணி அடியில தங்கும், அதான் முதல்ல வந்தது. ஓடிட்டு வந்த உடனே வடிச்சிருந்தா பால் காப்பி நிறத்துல வந்திருக்கும். பேரிங்கை எல்லாம் கழட்டினதும் துரு இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க.

ப்ரீதர் மூடியை எடுத்துட்டு அந்த மரைக்குப் பொருந்துற நிப்பிள் போட்டு, எண்ணெய் தாங்குற டீசல் ஹோஸ் ஒரு மீட்டர் மாட்டி இன்ஜின் பக்கம் தீச்சுவர் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) மேல வரைக்கும் கொண்டுபோங்க. வழி முழுக்க ஏறிட்டே போகணும். நடுவுல தொட்டில் மாதிரி தொங்கினா அங்க எண்ணெயோ தண்ணியோ நின்னு மறுபடி அடைப்பு. மேல்முனையைக் கீழ்நோக்கி வளைச்சு சின்ன டீசல் ஃபில்டர் ஒண்ணு மாட்டிருங்க. கியர் பாக்ஸ் ப்ரீதரையும் அதோடவே டீ போட்டு சேர்க்கலாம். ஆழமான கடவுன்னா இறங்குறதுக்கு முன்ன பத்து நிமிஷம் நிறுத்தி ஆற விடுறது நல்லது. ஒழுகுற வண்டி ஓடையில இறங்குற ஒவ்வொரு தடவையும் எண்ணெய் தண்ணியோட போய் கீழ அணையிலதான் சேருது, குடிக்கிற தண்ணி அது.

குலசேகரம் 4 வீல்:

ட்ரான்ஸ்பர் கேஸுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கு. கியர் பாக்ஸுக்கும், கழுவி ஊத்துறதுக்கும் சேர்த்து அஞ்சு லிட்டர் டின்னா வாங்கிருங்க. ஆனா லிட்டரை நம்பி ஊத்த வேண்டாம், லெவல் ஓட்டையில இருந்து மெல்ல வழிஞ்சு நிக்கிற மட்டம்தான் சரி. தண்ணி புகுந்த பெட்டி, அதனால மாட்டினதும் அரை மணி நேரம் ஓட்டி முதல் எண்ணெயை வடிச்சுட்டு மறுபடி புதுசு ஊத்துங்க. டீசல் ஊத்தி அலசிட்டு அதை உள்ள விட்டுராதீங்க.

மாட்டி 200 கிலோமீட்டர் ஓடினதும் ரெண்டு ப்ளக்கையும் ஒரே நாள்ல திறந்து பாருங்க. கியர் பாக்ஸ் மட்டம் இறங்கி ட்ரான்ஸ்பர் கேஸ் மட்டம் ஏறியிருந்தா நடு பேரிங் சீல் தலைகீழா உக்கார்ந்திருக்கு, இல்ல பிரியும் இடத்து பேக்கிங் சரியில்ல. ரெண்டும் அப்படியே நின்னா வேலை சரி.

இதைப் படிச்சுட்டு புது வண்டிக்காரங்க யாரும் 90 எண்ணெயோட இறங்கிராதீங்க. உள்ள செயின் வெச்ச ட்ரான்ஸ்பர் கேஸ் பலதுக்கும் சிவப்பு நிற ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊத்துற எண்ணெய்). அங்க ஒழுக்கு சிவப்பா இருக்கும், அந்த வண்டி புத்தகத்துல சொன்னதை மட்டும் ஊத்துங்க.

எண்ணெய் மாத்துற எப்பவும் மேல இருக்கிற லெவல் ப்ளக்கை முதல்ல இளக்கிப் பாருங்க. அது துரு பிடிச்சு வரலன்னா கீழ ட்ரெய்ன் ப்ளக்கைத் தொடக் கூடாது, வடிச்ச பிறகு ஊத்த வழி இருக்காது.